ரீபில்ட் இன்ஜினுக்குள் ஒன்றுக்கொன்று சேராத பாகங்கள், யோசனை சொல்லுங்கள்

ரீபில்ட் செய்தது என்று சொல்லி விற்ற செகண்ட்ஹேண்ட் நான்கு சிலிண்டர் இன்ஜின். சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது. கூடவே கீழிருந்து தட்டும் சத்தம். சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி, கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்குகளைத் திருப்பிப் பார்த்தால் மூன்றில் 0.25 முத்திரை (கிரைண்ட் செய்து 0.25 மி.மீ. குறைத்த கிராங்குக்கானது), நான்காவதில் எஸ்டிடி (ஸ்டாண்டர்ட், குறைக்காத அளவுக்கானது)! கிராங்க் ஜர்னல்களை (பேரிங் உட்காரும் உருளைப் பகுதிகள்) மைக்ரோமீட்டரில் அளந்தேன்; நான்குமே 0.25 மி.மீ. கிரைண்ட் செய்தவைதான். நான்காவதில் இடைவெளி அதிகம்; அப்புறம் எப்படி பிரஷர் நிற்கும்?

அதைவிடக் கொடுமை, இரண்டாம், மூன்றாம் கனெக்டிங் ராடுகளின் கேப்புகள் (பிக் எண்ட் துளையின் கீழ்ப்பாதி மூடிகள்) இடம் மாறியிருக்கின்றன. ராடும் கேப்பும் சேர்த்தே போர் செய்யப்படுபவை; மாறினால் துளை வட்டமாக நிற்காது. எண்படி மாற்றிப் போட்டு அளந்தால் போதுமா, ராடுகளை ரீசைஸ் செய்தே (துளையை மறுபடி வட்டமாகச் சரியான அளவுக்குக் கடைந்தே) ஆக வேண்டுமா? பேரிங் முழு செட்டாக மாற்றத்தான் போகிறேன். இந்த லட்சணத்தில் பிஸ்டன்களை நம்பலாமா, ஹெட்டையும் கழற்றிவிடவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.