உம்மம்மா கிண்டிய தொதல்: பதம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம், ஸலாம். கீழக்கரையில் எங்கள் உம்மம்மா, அதாவது உம்மாவின் தாய், பெருநாளுக்கு முந்தைய நாள் கிண்டும் தொதல் என்ற இனிப்பை இந்த ஆண்டு நானே செய்ய முனைந்து, இரண்டு முறை தோற்றுவிட்டேன்.

அரிசி மாவு, தேங்காய்ப் பால், சாயல்குடிக் கருப்பட்டி, முந்திரி என்று அவர் சேர்த்தவை எல்லாம் நினைவில் இருக்கின்றன. அளவுகளைத்தான் அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. கருப்பட்டியைக் காய்ச்சி, மண்ணும் தூசியும் போக வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். பிறகு விறகடுப்பின் முன் அமர்ந்து, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததிலிருந்து பிற்பகல் அஸர் பாங்கு கேட்கும் வரை அகப்பையை நிறுத்தாமல் கிண்டுவார். சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்போது, சிறிது எடுத்து வாழையிலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரலில் ஒட்டாவிட்டால்தான் இறக்குவார். அகப்பையை வழித்துத் தின்னக் காத்திருந்த பேரப்பிள்ளைகளில் நான்தான் கடைக்குட்டி.

எனக்கு முதல் முறை எண்ணெய் பிரியவே இல்லை, கூழாக நின்றுவிட்டது. மறுமுறை ஆறியதும் கல்லாக இறுகிவிட்டது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எத்தனை தேங்காய், எவ்வளவு மாவு, கெட்டியான முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றலாமா என்பதை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்து ராத்தாமார்களும் மாமிமார்களும் தயவுசெய்து சொல்லுங்கள். உம்மாவுக்கு எழுபது வயதாகிறது. தம் தாயின் தொதலை அவர் மீண்டும் ஒருமுறை சுவைக்க வேண்டும் என்பதே என் ஆசை. பெருநாளுக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன.