புதுப்பிப்பு: இரண்டே நாளில் பூசணம் பிடித்த ஸ்ட்ராபெர்ரி

புதுச்சேரியில் வாங்கிய மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தும் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிட்டது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இந்த முறை இரண்டு டப்பா வாங்கினேன். ஒன்றைக் கழுவாமல், காம்பைக் கிள்ளாமல் அப்படியே வைத்தேன். இன்னொன்றுக்கு வினிகர் யோசனை: ஒரு கப் வெள்ளை வினிகர், மூன்று கப் தண்ணீர் கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசினேன். கழுவாதது நான்கு நாள் தாங்கியது. வினிகரில் அலசியது ஏழாம் நாளும் நன்றாக இருந்தது, புளிப்பு வாடை துளியும் இல்லை.

ஆனால் வினிகரை விட முக்கியம் ஈரத்தை எடுப்பது என்றே நினைக்கிறேன். நம் கடலோரக் காற்றில் பழம் சட்டென்று காய்வதில்லை. பருத்தித் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைத்த பிறகும் காம்பு இலைக்குக் கீழே ஈரம் இருந்தது. ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். சென்ற முறை கோட்டை விட்டது இங்கேதான்.

எதிர்பாராதது ஒன்று: மூடியை இறுக்கியதும் டப்பா உள்ளே வியர்த்துவிட்டது. அதனால் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, அடியில் விரித்த டிஷ்யூவைத் தினமும் மாற்றினேன்.

கழுவாத டப்பாவில் நசுங்கிய பழம் ஒன்றை நான் கவனிக்கவில்லை. பூசணம் அதில் தொடங்கிப் பக்கத்தில் இருந்த இரண்டுக்கும் பரவியது. மூன்றையும் எறிந்துவிட்டேன். இவ்வளவு மென்மையான பழத்தில் பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் போயிருக்கும், வெட்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள்.

மிஞ்சியவற்றைக் காம்பு நீக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி, உறைந்த பிறகு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். மில்க்‌ஷேக்குக்கு ஆகும்.