ஒரு பொருள் இன்றியமையாதது என்பதை யார், எப்படித் தீர்மானிப்பது?

கேள்வி: இரவுப்பணி

வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். பிளாஸ்டிக் பைகளை என் சொந்த வாழ்க்கையிலிருந்து பெருமளவு விலக்கிவிட்ட நான், வார்டில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கையுறைகளையும் ஊசிக்குழல்களையும் சொட்டுமருந்துக் குழாய்களையும் உறை பிரித்துப் பயன்படுத்திக் குப்பையில் சேர்க்கிறேன். இவை ஏன் ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படுகின்றன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எகிப்தில் 1980களின் தொடக்கம் வரை ஓர் ஒட்டுண்ணி நோயை ஒழிப்பதற்காக ஊர் ஊராக ஊசி போட்டபோது, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்திய ஊசிகளின் வழியே ஹெபடைடிஸ் சி பெருமளவில் பரவியது. நோயைத் தீர்க்கப் போன ஊசியே நோயைக் கொடுத்தது. ஆகவே பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் நிரம்பி வழியும் அந்தத் தொட்டிகளைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. இதைப் பற்றிப் பேசினால் உடன் பணிபுரிவோர், உயிரா குப்பையா என்றால் உயிர்தான் முக்கியம் என்கிறார்கள். சூழலியலில் ஈடுபாடு கொண்ட நண்பர்களோ, மனிதத் தேவை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன் பெயரால் எதையும் நியாயப்படுத்திவிடலாம் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் ஒரு கையுறைப் பெட்டியின் முன் நிற்கும் எனக்கு இரண்டுமே உதவவில்லை. தேவை எது, வழக்கத்தால் வந்த வீண் செலவு எது என்று பிரித்துக் காட்டுகிற அளவுகோல் ஏதேனும் நடைமுறையில் எங்காவது கையாளப்பட்டு, பயனளித்திருக்கிறதா? அறிவுரையைவிட அனுபவத்தையே எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி: பழைய வேதியியல் ஆசிரியர்

இரவுப்பணி அவர்களுக்கு,

அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க உலக நாடுகள் கூடியபோது, ஆஸ்துமா நோயாளிகளும் அவர்களைப் போன்றவர்களும் கைவிடப்பட்டுவிடக் கூடாது என்ற கவலையில் அதற்கு உருவம் கிடைத்தது. பல ஆண்டுகள் ஓசோன் ஓட்டையைப் பற்றி வகுப்பில் விரிவாகக் கற்பித்த நான், இந்தப் பகுதியை மட்டும் போதிய அளவு சொல்லாமல் விட்டுவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு. எனவே சற்று நீட்டி எழுதுகிறேன்.

குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் எரியாதவை, மணமற்றவை, எளிதில் சிதையாதவை. அதனாலேயே குளிர்சாதனப் பெட்டி, நுரைப்பஞ்சு, வாசனைத் தெளிப்பான், ஆஸ்துமா இன்ஹேலர் ஆகிய அனைத்திலும் அவை இடம்பிடித்தன. அந்தச் சிதையாத தன்மையே அவற்றை மேல் வளிமண்டலம் வரை கொண்டுசென்று ஓசோனை அழிக்கச் செய்கிறது என்று 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாக மெலிந்திருப்பது 1985இல் வெளியானது. ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்பாடு 1987இல் கையெழுத்தானது. வாசனைத் தெளிப்பானில் இருப்பதும் இன்ஹேலரில் இருப்பதும் ஒரே வகை வாயுதான், ஓசோனுக்கு விளைவிக்கும் கேடும் ஒன்றுதான். ஆனால் ஒன்றை நிறுத்தினால் மணம் குறையும், மற்றொன்றை நிறுத்தினால் மூச்சு நின்றுபோகும்.

1992இல் கோபன்ஹேகனில் கூடிய உறுப்பு நாடுகள், வளர்ந்த நாடுகளில் இவற்றின் உற்பத்தி 1995ஆம் ஆண்டின் இறுதியோடு நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது, 'இன்றியமையாப் பயன்பாடு' என்பதற்கு ஒரு வரையறையையும் வகுத்தன. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அந்தப் பயன்பாடு தேவையாக இருக்க வேண்டும், அல்லது சமூகம் இயங்குவதற்கு அது மிக முக்கியமானதாக இருக்க வேண்டும். தொழில்நுட்பத்தாலும் செலவாலும் கைக்கெட்டக்கூடிய, நலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ற மாற்று எதுவும் இருக்கக் கூடாது. இவ்விரண்டும் நிறைவேறினாலும் அத்துடன் முடிந்துவிடாது: அந்தப் பயன்பாட்டையும் அதிலிருந்து வெளியேறும் வாயுவையும் குறைப்பதற்கு இயன்ற அனைத்தையும் செய்திருக்க வேண்டும், ஏற்கெனவே உள்ள இருப்பிலிருந்தோ மறுசுழற்சி செய்ததிலிருந்தோ பெற வழியில்லை என்றும் காட்ட வேண்டும். விலக்கு வேண்டும் நாடு எதற்கு, எவ்வளவு என்று விண்ணப்பிக்க, நிபுணர் குழு அதை ஆராய்ந்த பிறகே, குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட அளவு வழங்கப்பட்டது.

இன்ஹேலர் இந்த வழியில் விலக்குப் பெற்றது. வாசனைத் தெளிப்பான் பெறவில்லை. மாற்று வாயுவைக் கொண்ட இன்ஹேலர்கள் வரவர விலக்கின் அளவு சுருங்கி, முடிவில் அதற்கான தேவையே இல்லாமற்போனது. இன்றியமையாமை என்பது ஒரு பொருளோடு ஒட்டிப் பிறந்த குணமன்று, மாற்று வரும்வரை மட்டுமே நீடிக்கும் நிலை என்று நான் புரிந்துகொண்டது இங்கேதான். ஓசோனுக்குத் தீங்கு செய்யாத அந்த மாற்று வாயு, புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையுடையது. ஆகவே 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க உடன்பாடு காணப்பட்டது. இப்போது உலர்தூள் இன்ஹேலர்கள் இருக்கின்றன. ஆனால் வேகமாக மூச்சை உள்ளிழுக்க இயலாத சிறு குழந்தைகளுக்கு அவை பொருந்துவதில்லை. எனவே அதே கேள்வியை இன்று மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வார்டுக்கு வருவோம். ஊசிக்குழல் முதல் இரண்டு நிபந்தனைகளையும் ஐயமின்றி நிறைவேற்றும். கையுறையை அப்படி ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது. இரத்தமும் உடல்நீர்மங்களும் படும் இடத்தில் அது இன்றியமையாதது. இரத்த அழுத்தமோ காய்ச்சலோ பார்ப்பதற்கும், தசையிலோ தோலுக்கடியிலோ ஊசி போடுவதற்கும் பொதுவாகக் கையுறை தேவையில்லை, கைகளைத் தூய்மை செய்வதே போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே கூறுகிறது. கையுறை அணிந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை கழுவுவதைத் தவறவிட்டால் நோயாளிக்கும் அதனால் கேடுதான். ஆகவே நீங்கள் அந்தப் பெட்டியின் முன் நிற்கும்போது, கையுறை தேவையா என்று கேட்பதைவிட, இந்த நோயாளிக்கு, இந்தச் செயலுக்குத் தேவையா என்று கேட்பதே பொருத்தம்.

மறுமொழி: புகைபோக்கி

ஆசிரியர் கூறியதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மனிதத் தேவையும் தூய சூழலும் எப்போதும் எதிரெதிர்த் தட்டுகளில் இருப்பதாக எண்ணிக்கொள்வதால் நாம் பல நேரங்களில் தவறான முடிவுக்கு வருகிறோம். விறகும் சாணமும் கரியும் எரித்துச் சமைப்போர் உலகில் இன்றும் 200 கோடிக்கு மேல் இருக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் 2020இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எரிவாயு அடுப்பு புதைபடிவ எரிபொருளில் எரிவதுதான். இருந்தும் அந்த வீட்டிலுள்ள பெண்ணின் நுரையீரலுக்கும், விறகுக்காக வெட்டப்படும் மரத்துக்கும் அது பெரிய ஆறுதல். மின்னடுப்பு அங்கே எட்டும் நாளில் எரிவாயுவும் விலகட்டும். ஆனால் மாசில்லாத முழுமையான தீர்வு வரும்வரை அவர் புகையிலேயே காத்திருக்க வேண்டும் என்று, புகையில்லாத வீட்டில் இருந்துகொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: நீர்வழி

நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் பணிபுரிகிறேன். மேலே விவரிக்கப்பட்ட அளவுகோலில் எனக்கு உடன்பாடே. ஆனால் அதைக் கையில் எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது நேரெதிரான விளைவையும் தரக்கூடும் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

காரீயம் கலந்த பெட்ரோலை எண்ணிப் பாருங்கள். எஞ்சினுக்குள் தட்டல் ஒலி எழாமல் இருப்பதற்காகக் காரீயம் சேர்க்கப்பட்ட அது, 1923இல் விற்பனைக்கு வந்தது. காரீயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த செய்தி. 1925இல் அமெரிக்காவில் நடந்த விசாரணையில், வாகன நாகரிகத்துக்கு அது இன்றியமையாதது என்று தொழில்துறை வாதிட்டது. எரிசாராயத்தைக் கலந்தாலும் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்பதை அதே துறையின் ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். மாற்று இல்லை என்ற வாதம் உண்மையன்று. தீங்கு உண்டென்று சொல்பவர்களே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு வென்றது. கடைசி நாடாக அல்ஜீரியா அதன் விற்பனையை நிறுத்தியது 2021இல். இடைப்பட்ட ஏறக்குறைய நூறாண்டுகளில் குழந்தைகளின் மூளைவளர்ச்சியை அந்தக் காரீயம் பாதித்தது. இன்ஹேலரின் கதையில், எனக்கு இது தேவை என்று கேட்டவர் அதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. காரீயத்தின் கதையில், பாதிக்கப்பட்டவர் தம் பாதிப்பை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நான்கு நிபந்தனைகளைவிடவும், மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் ஏற்றப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவதாக, என் துறையிலிருந்து ஒன்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றத்தையே நிலைகுலையச் செய்த பிறகு, ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரின் திட்டப்படி மாபெரும் சாக்கடை வலைப்பின்னல் கட்டப்பட்டது. நகரத்தைக் காலராவிலிருந்து மீட்டதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மனிதத் தேவைக்காகச் செய்யப்பட்ட மிகச் சிறந்த பணிகளுள் ஒன்றாகவே அதை மதிக்கிறேன். ஆனால் சேர்ந்த கழிவு முழுவதும் சுத்திகரிக்கப்படாமலேயே நகரத்துக்குக் கிழக்கே இரண்டு இடங்களில் ஆற்றில் விடப்பட்டது. 1878இல் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற பயணிகள் கப்பல் அந்தப் பகுதியில் மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான், அவர்கள் விழுந்த நீர் எத்தகையது என்பதை எல்லோரும் நேராகப் பார்க்க நேர்ந்தது. அதன் பின்னரே கசடைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடுகள் அங்கே வந்தன. அதனால்தான் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும், குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது, அங்கே குடியிருப்பவர் யார் என்று முதலில் கேட்கிறேன்.

மூன்றாவதாக, மாசு என்று நாம் அஞ்சுகிற பல பொருள்கள், சேர வேண்டிய இடத்தைச் சேராமல் வழிதவறிய தேவைகளே. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் ஹேபர்-போஷ் முறை இல்லாவிட்டால் இன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவு இருக்காது என்பது பொதுவான மதிப்பீடு. அதே வேளையில் வயலில் இடப்படும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி பயிருக்குள் போவதே இல்லை. அதில் ஒரு பகுதி ஆற்றோடு கடலுக்குச் சென்று பாசியைப் பெருக்குகிறது, அந்தப் பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீன்கள் மடிகின்றன. மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் இது நிகழ்கிறது. பயிர் எடுத்துக்கொண்ட பாதியைக் குறைத்தால் மனிதர் பசியால் வாடுவர். வழிந்தோடிய பாதியைக் குறைத்தால் எவருடைய தட்டிலும் எதுவும் குறையாது. உங்கள் தொட்டியிலும் இந்த இரண்டு பாதிகளும் கலந்தே கிடக்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: இரவுப்பணி

மூவருக்கும் நன்றி. 'குழாயின் மறுமுனை' என்ற சொல்லைப் படித்ததும், எங்கள் தொட்டிகள் விடியற்காலையில் எங்கே போகின்றன என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்பது உறைத்தது. விசாரித்தேன். வார்டுக் கழிவின் பெரும்பகுதி, வகை பிரிக்காத காரணத்தால், தொற்றுள்ள கழிவாகவே கருதப்பட்டு எரியூட்டுக்குச் செல்கிறது. அங்கிருப்பதில் எவ்வளவு உண்மையிலேயே அபாயமானது?

மறுமொழி: பழைய வேதியியல் ஆசிரியர்

மருத்துவமனைக் கழிவில் ஏறக்குறைய 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவுதான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எஞ்சிய 15 விழுக்காட்டில்தான் தொற்றும் நஞ்சும் கதிரியக்கமும் அடங்குகின்றன. ஆனால் ஒரு தொட்டிக் காகிதத்தில் இரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சு விழுந்துவிட்டால், முழுத் தொட்டியையும் அபாயமானதாகவே நடத்த வேண்டும். பிவிசி போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக்கைப் போதிய வெப்பமில்லாத உலையில் எரித்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் உண்டாகும். 850 டிகிரி செல்சியசுக்கும் மேல் எரித்து, புகையைத் தூய்மை செய்யும் வசதியும் உலையில் இருக்க வேண்டும். தொற்றுக் கழிவில் பெரும்பகுதியை எரிக்காமல், ஆட்டோகிளேவில் உயரழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யவும் முடியும். அதுவும் பிரித்துத் தந்தால்தான் இயலும். ஆகவே கட்டிலருகே எந்தத் தொட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

மறுமொழி: இரவுப்பணி

பன்னிரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். பொறுப்புச் செவிலியரின் ஒப்புதலோடு, கட்டில்களுக்கு அருகே ஒரே ஒரு தொட்டி இருந்த இடத்தில் இரண்டை வைத்தோம்: உறைகளுக்கும் காகிதத்துக்கும் ஒன்று, உடல்நீர்மம் பட்டவற்றுக்கு மற்றொன்று. கூர்மையான ஊசிகளுக்கென முன்பே இருந்த பெட்டியில் கை வைக்கவில்லை. முதல் மூன்று இரவுகளில் பலமுறை மாறி விழுந்தது. இப்போது அபாயக் கழிவுத் தொட்டி என் பணிநேரத்தில் ஒருமுறைதான் நிரம்புகிறது. முன்பு மூன்று முறை மாற்றுவோம்.

கையுறையில் இன்னும் முன்னேற்றம் இல்லை. கையுறையின்றித் தொட்டால் நோயாளிகள் சிலர் அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தை என்னால் குறைசொல்லவும் முடியவில்லை. அவர்கள் பார்க்கும்படி கட்டிலருகிலேயே நின்று கைகளைத் தூய்மை செய்துவிட்டு, பிறகு இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நேற்று இரவு முதியவர் ஒருவர், உன் கை சூடாக இருக்கிறது அம்மா என்றார்.