அவசரம்: வீட்டுக்காரர் ‘கெதார்’ என்கிறார். தங்கச் சொல்கிறாரா, கிளம்பச் சொல்கிறாரா?

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். மனைவியும் கைக்குழந்தையும் என்னுடன் இருக்கிறார்கள். இப்போதுள்ள அறையை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். நேற்று இரவு ஒரு வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஸ்பானிஷ் மொழியில் செய்தி வந்தது. ‘கெதார்’ என்ற வினை அதில் கெதாமோஸ், கேதாஸ், கேதான் என்று உருமாறித் திரும்பத் திரும்ப வருகிறது. அகராதியைப் புரட்டினால் தங்கு, மிஞ்சு, பொருந்து, சந்திக்க ஏற்பாடு செய் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள். இரவெல்லாம் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வாலென்சியா அக்கா:
தம்பி, பதற வேண்டாம். ‘மே கேதோ என் காஸா’ என்றால் நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று பொருள். ஆகவே தங்கச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நாங்கள் வந்த புதிதில் இதைச் சொல்லித் தரக்கூட ஆளில்லை. குளிர்காலம், ஹீட்டர் இல்லாத வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் ‘நோ கேதா’ என்று கையை விரித்தார்கள். மருந்து தீர்ந்துவிட்டதாம். அந்த இரண்டு மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

குவாதலஹாரா குமார்:
அக்கா சொல்வது சரியாகப் படவில்லை. இங்கே மெக்சிகோவில் இடம் விசாரிக்கத்தான் இந்த வினையை அதிகம் கேட்கிறேன். ‘தோந்தே கேதா லா ஃபார்மாசியா?’ என்றால் மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் முகவரி சொல்லியிருப்பார்.

மாட்ரிட்வாசி:
இரண்டும் இல்லை. ஸ்பெயினில் ‘கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ என் சோல்’ என்றால் எட்டு மணிக்குச் சோல் சதுக்கத்தில் சந்திப்போம் என்று முடிவாகிவிட்டது. அதே சொல் செருப்புக்கடையில் வேறு முகம் காட்டும். கடைக்காரப் பெண் குனிந்து குதிகாலில் விரலை விட்டுப் பார்த்து, ‘கோமோ லே கேதான்?’ என்பார்: அளவு சரியாக இருக்கிறதா? பிடித்திருந்தால் ‘மே கேதோ கோன் எஸ்தோஸ்’, இவற்றையே எடுத்துக்கொள்கிறேன். இது பிடிபடாமல் இங்கே குப்பை கொட்ட முடியாது.

பார்சலோனா அண்ணாச்சி:
வினைச்சொல் கிடக்கட்டும். முதலில் நகராட்சியில் முகவரிப் பதிவு, அதாவது பத்ரோன், செய்தாரா? ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் ஸ்பெயினுக்கு வந்தவர், நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நேரம் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். எங்கள் பக்கம் பள்ளியில் கத்தலான் மொழி வேறு.

வாலென்சியா அக்கா:
அதை ஏன் கேட்கிறீர்கள்! ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்துபோனால் கடை தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கிறது. இரவுச் சாப்பாடோ ஒன்பது மணிக்கு மேல். பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது?

மாட்ரிட்வாசி:
துவரம் பருப்புக்கு நான் இங்குள்ள லாவாபியெஸ் பேட்டை வரை போய் வருகிறேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் பெருங்காயம் கொண்டுவரச் சொல்வேன்.

செவில்யா ஆசிரியை:
அவர் குழந்தையோடு தவித்துக்கொண்டிருக்கிறார், நாம் பருப்புக்குப் போய்விட்டோம். புதுவரவு, எந்த நாடு என்றே நீங்கள் சொல்லவில்லை. செய்தியை ஓர் எழுத்து விடாமல் இங்கே போடுங்கள். முன்னால் ‘மே’ (என்னை, எனக்கு), ‘தே’ (உன்னை, உனக்கு) இருக்கிறதா, பின்னால் நேரமா, பொருளா, ஆளா என்பதைப் பொறுத்துத்தான் கெதார் பொருள் தரும்.

புதுவரவு:
மன்னியுங்கள், ஸ்பெயின், சரகோசா. இது இன்னும் குடியேறாத வீடு, போன வாரம் பார்த்தது. செய்தி இதுதான்: ‘கெதாமோஸ் எல் ஹுவேவெஸ் ஆ லாஸ் செய்ஸ் என் எல் பீசோ. சி தே லோ கேதாஸ், த்ராயே லா ஃபியான்ஸா. சி நோ, மே கேதான் தோஸ் இன்டெரெசாடோஸ்.’

செவில்யா ஆசிரியை:
நல்ல செய்திதான். வியாழக்கிழமை ஆறு மணிக்கு வீட்டில் சந்திப்போம். நீங்கள் எடுத்துக்கொள்வதானால் முன்பணத்தோடு வாருங்கள். இல்லையென்றால் கேட்டவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாவது கெதார் சந்திப்பு, இரண்டாவது எடுத்துக்கொள்வது, மூன்றாவது மிச்சமிருப்பது. யாரையும் அவர் கிளம்பச் சொல்லவில்லை.

இப்போதே ‘பெர்ஃபெக்தோ, கெதாமோஸ் எல் ஹுவேவெஸ்’ என்று பதில் போடுங்கள். ‘மே லோ கேதோ’ என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், வீட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். ஒப்பந்தத்தைப் படித்த பிறகு அதைச் சொல்லலாம். குடியிருப்பு வாடகைக்கு 1994-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஃபியான்ஸா, அதாவது முன்பணம், ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதம் என்று தனியாகக் கேட்கலாம். ஐந்து ஆண்டு வரையிலான ஒப்பந்தத்தில் தனிநபர் வீட்டுக்காரர் கேட்கும் இந்தக் கூடுதல் உத்தரவாதம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. ரொக்கமாகக் கொடுக்காமல், கையெழுத்தான பின் வங்கி வழியாக அனுப்புங்கள். அந்த முகவரியில் பத்ரோன் பதிய முடியுமா என்று மறக்காமல் கேளுங்கள்: ‘மே புவேதோ எம்பத்ரோனார் அக்கி?’

புதுவரவு:
உயிர் வந்தது, டீச்சர். ஆறு மணி என்றால் மாலைதானே?

செவில்யா ஆசிரியை:
மாலைதான். பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம் இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும்.