ஜப்பானில் கிறிஸ்துமஸ்: 25 வேலை நாள், சின்ன ஓவன், ஆராதனை எந்த நாள்?

நிஷிகசாய் புதுசு:
டோக்கியோவில் இது முதல் டிசம்பர். இருவரும் வேலைக்குப் போகிறோம். மூத்தவள் வார்டு பள்ளியில் இரண்டாம் வகுப்பு, சின்னவன் ஹொய்குவென் (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்). சி.எஸ்.ஐ. குடும்பம். 25 அரசு விடுமுறை இல்லை என்பது தெரியும். யூக்யூவை (சம்பளத்தோடு கூடிய லீவு) 24-இல் போடுவதா, 25-இலா? ஆங்கில ஆராதனை எங்கே, எந்த நாளில்? அடுத்தது கேக். 23 லிட்டர் ஓவன் ரேஞ்சில் (மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த பெட்டி) ஊர் ரெசிபிப்படி பிளம் கேக் வைத்தால் மேலே கருகுகிறது, நடுவில் மாவாக நிற்கிறது. கடைசியாக, பால்கனியில் ஸ்டார் தொங்கவிடலாமா? ஊரிலிருந்து பார்சல் வரவழைத்தால் எதற்குத் தடை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோசாய் லைன்:
முதலில் ஆராதனை நாளை உறுதி செய்துகொண்டு, பிறகு லீவு போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு 25 காலையில் பூட்டிய கதவின் முன் நிற்பார்கள். இங்கே புரோட்டஸ்டன்ட் சபைகள் பலவும் கிறிஸ்துமஸ் ரெய்ஹாயை (ஆராதனையை) 25-க்கு முந்தைய ஞாயிறே முடித்துவிடும். 24 மாலை மெழுகுவர்த்தி ஆராதனை, அத்தோடு சரி. சின்னச் சபைகளில் 25 அன்று ஒன்றுமே இருக்காது. 2026-இல் 25 வெள்ளிக்கிழமை, அப்படியானால் முந்தைய ஞாயிறு 20.

சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் உள்ள சபை என்பதால் உங்களுக்குப் பழகிய வழிபாட்டு முறை டோக்கியோ டவர் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் ஆலயத்தில் கிடைக்கும். அங்கே ஆங்கிலத்தில்தான் ஆராதனை. ஒமொத்தேசாந்தோவில் டோக்கியோ யூனியன் சர்ச்சும் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு ரொப்பொங்கி பிரான்சிஸ்கன் சேப்பலும், யொத்சுயாவில் புனித இக்னேசியஸ் ஆலயமும். 24 அன்று ஒரே ஆலயத்தில் மாலையிலிருந்து இரவு வரை அடுத்தடுத்துப் பல பூசைகள் இருக்கலாம். எந்த மணிக்கு எந்த மொழி என்பதை அந்தந்த ஆலயத்தின் தளத்தில் டிசம்பர் முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு நடுச்சாமப் பூசைக்குத் திட்டமிட வேண்டாம். இரவு முழுக்க ரயில் ஓடுவது 31-இல்தான், அதுவும் யமனொத்தே (டோக்கியோவின் வட்ட ரயில் பாதை) போன்ற சில பாதைகளில் மட்டும். 24-க்கு வழக்கமான கடைசி ரயில்தான்.

யூக்யூ: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனால் 10 நாள் வரும். காரணம் சொல்லத் தேவையில்லை. படிவத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும். ஆனால் வேலை தடைபடும் என்றால் நாளை மாற்றச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு. டிசம்பர் கடைசியில் எல்லாரும் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள், அதனால் நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். அரசு அலுவலகங்கள் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். பெரும்பாலான நிறுவனங்களும் அதே கணக்குதான். அந்த நாட்களுக்கு லீவு சேமிக்க வேண்டியதில்லை.

ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் 25-ஐ எடுங்கள், 24-இல் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் மாலை ஆராதனை கிடைத்துவிடும். ஹொய்குவென் 25-இலும் திறந்திருக்கும். வார்டு பள்ளியில் நிறைவு விழா 24 அல்லது 25-இல் வரும். அன்று மதிப்பெண் அட்டை தருவார்கள், உள்ளே போடும் ஷூ, உடற்பயிற்சி உடை எல்லாம் வீட்டுக்கு வரும். அந்த நாளில் மகளை நிறுத்தாமல் இருப்பது நல்லது. காலையில் பள்ளி முடித்துவிட்டு மதியத்திலிருந்து கொண்டாடட்டும்.

ஊர் ஆராதனையை நேரலையில் பார்ப்பதென்றால் நேரம் மூன்றரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அதிகாலை 4 மணி ஆராதனை இங்கே காலை 7.30. லீவு போட்ட நாளுக்கு இதைவிட வசதி கிடையாது. நள்ளிரவு ஆராதனை என்றால் இங்கே 3.30, அதைப் பதிவில் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அடுப்படி:
கேக் விஷயத்தில் ரெசிபியைத் திட்டாதீர்கள், கப்பைப் பாருங்கள். ஊர் ரெசிபிகளில் ஒரு கப் பெரும்பாலும் 240 மி.லி. இங்கே கடையில் விற்கும் அளவுக் கப் 200 மி.லி., ரைஸ் குக்கரோடு வருவது 180 மி.லி. மாவை ஒன்றிலும் சர்க்கரையை இன்னொன்றிலும் அளந்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிட்டது. தராசு வாங்குங்கள், எல்லாம் கிராமில்.

18 செ.மீ. வட்ட டின்னுக்கு (இங்கே '6 கோ' என்று விற்பார்கள்): உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 120, முட்டை 3, மாவு 180, பேக்கிங் பவுடர் 4, வடித்த ஊறல் பழம் 350, மசாலாத் தூள் ஒரு தேக்கரண்டி. கேரமலுக்குத் தனியாக 80 கிராம் சர்க்கரையும் 60 மி.லி. சுடுநீரும். வெண்ணெய்க் கட்டி 200 கிராமாக வரும், மீதி 50 காலை ரொட்டிக்கு.

மாவு: ஹகுரிகிகோ (கேக்குக்கான மென்மையான கோதுமை மாவு) மட்டும் போட்டால் பழமெல்லாம் அடியில் போய் உட்காரும். அதில் புரதம் குறைவு, கனத்தைத் தாங்காது. 130 கிராம் ஹகுரிகிகோவோடு 50 கிராம் கியோரிகிகோ (புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு) கலந்தால் பழம் பரவி நிற்கும். சர்க்கரையில் ஜொஹாகுதோ (இங்கே வழக்கமாக விற்கும் ஈரப்பதமான வெள்ளைச் சர்க்கரை) வேண்டாம். கையில் எடுத்தால் ஈர மணல் மாதிரி ஒட்டும், அதில் இருக்கும் இன்வர்ட் சர்க்கரையால் (குளுக்கோஸ், பிரக்டோஸ் கலவை) சீக்கிரம் சிவக்கும். மேல்பக்கம் கருகுவதில் அதற்கும் பங்கு உண்டு. கிரானுலேட்டட் சர்க்கரை வாங்குங்கள். பாக்கெட் உலர்திராட்சை பலவற்றில் எண்ணெய் பூசியிருக்கும், சுடுநீரில் அலசித் துடைக்காமல் ரம்மில் போட்டால் ஊறாது.

டிசம்பரில் சமையலறை 12, 13 டிகிரிதான் இருக்கும். வெண்ணெய் கல்லாக நிற்கும், குளிர்ந்த முட்டையை ஊற்றியதும் திரிந்து மோர் போலாகும். முட்டையை ஓட்டோடு 40 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், வெண்ணெய் விரல் அழுத்தினால் குழியும் பதத்துக்கு வரட்டும். திரிந்துவிட்டால் அளந்த மாவிலிருந்து ஒரு கரண்டி சேர்த்து அடித்தால் கூடிவரும்.

இனி ஓவன். முன்சூடு முடிந்தது என்று பீப் அடிப்பதை நம்பாதீர்கள். சென்சார் இருக்கும் இடம்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் ஆறித்தான் இருக்கும். 180-இல் முன்சூடு வைத்து, பீப் அடித்தபின் இன்னும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கதவைத் திறந்து டின்னை வைத்ததும் 160-க்கு இறக்குங்கள். 23 லிட்டரில் மேல் ஹீட்டருக்கும் கேக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட மிஞ்சாது, அதனால் கீழ்த் தட்டுதான். 40 நிமிடத்தில் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். மொத்தம் 70 முதல் 80 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் தொடவே கூடாது, சின்னப் பெட்டியில் ஒரு தடவை திறந்தால் சூடு மடமடவென்று இறங்கிவிடும். குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள், ஓரத்தில் குத்தி ஏமாறாதீர்கள்.

பிரேக்கர் விழுவதும் கேக்கைக் கெடுக்கும். இணைப்பு 30 ஆம்பியர் என்றால் 100 வோல்ட்டில் மொத்தமே 3,000 வாட். ஓவன் 1,400, ரைஸ் குக்கர் 1,200, மேலே ஏசி ஹீட்டரையும் போட்டால் வீடே இருட்டு. நின்ற ஓவன் திரும்ப ஓடுவதற்குள் கேக் நடுவில் அமுங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் திராட்சை ஒயின் போடும் பழக்கத்தை இங்கே தொடர வேண்டாம். உரிமம் இல்லாமல் 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் வரும்படி நொதிக்கவிட்டால் மதுவரிச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஸ்டார் விஷயம். அடுக்குமாடியில் பால்கனி உங்களுடையது போலத் தெரியும், ஆனால் அது பொதுப் பகுதி, தீ விபத்தில் தப்பிக்கும் வழியும்கூட. பக்கத்து வீட்டுத் தடுப்புப் பலகை முன்னாலும், தரையிலுள்ள இறங்கும் மூடி மேலேயும் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்டாரை ஜன்னலுக்கு உள்பக்கம், திரைக்கம்பியில் தொங்கவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும், காற்றில் பறந்து கீழ்வீட்டுக்குப் போகவும் போகாது.

பார்சல்: இறைச்சி எந்த வடிவிலும் வேண்டாம். மட்டன் ஊறுகாய், உப்புக்கண்டம், கோழி போட்ட நொறுக்கு எதுவானாலும் ஏற்றுமதி நாட்டு அரசின் ஆய்வுச் சான்று இல்லாமல் நுழையாது, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும் அதே சட்டம்தான். தண்டனையும் சின்னது இல்லை. முறுக்கு, அதிரசம் பிரச்சினையில்லை. ஆட்டுக்கறிக்கு டோக்கியோவின் ஷின்-ஓகுபோ பகுதி ஹலால் கடைகளில் எலும்போடு உறைந்தது கிடைக்கும். முழுக்கோழி சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் 20 தேதிக்கு மேல்தான் தலைகாட்டும்.

வீடு வீடாகக் கேரல் பாடுவது இங்கே நடக்காது. சுவர் மெல்லியது, அக்கம்பக்கம் புகார் போகும். கரோக்கே அறை ஒன்றை இரண்டு மணி நேரம் எடுத்தால் கிதாரோடு சத்தமாகப் பாடலாம்.

ஊருக்குப் பணம் அனுப்புவதை 30-க்குள் முடியுங்கள், வங்கிகள் 31 முதல் 3 வரை மூடியிருக்கும்.

நிஷிகசாய் புதுசு:
நன்றி அண்ணா. கப் விஷயம் இவ்வளவு நாள் தெரியவில்லை! ஊரிலிருந்து கொண்டுவந்த பேப்பர் ஸ்டாரும் மிக்ஸியும் 230 வோல்ட். அப்படியே செருகலாமா?

கணக்குப்பிள்ளை:
ஸ்டாரின் பேப்பர் மட்டும் போதும், வயரைக் கழற்றி வையுங்கள். ஊர் ஹோல்டர் பல்பை அழுத்தித் திருப்பிப் பூட்டும் பி22 வகை, இங்கே பல்புகள் மரையுள்ள இ26. பிஎஸ்இ (ஜப்பானின் மின்சாதனப் பாதுகாப்பு) முத்திரை உள்ள இ26 வயர் ஹோல்டரும் 4, 5 வாட் எல்.இ.டி. பல்பும் வாங்கி உள்ளே விடுங்கள். குண்டு பல்பு போட்டால் பேப்பர் சூட்டில் பழுக்கும். பல்பு பேப்பரில் படாமல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மிக்ஸியை நேராகச் செருகினால் உறுமும், அரைக்காது. 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும், தொடங்கும்போது இழுக்கும் மின்சாரம் அதிகம். அதையும் ஓவனையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டில் செருகாதீர்கள், ஒரு சாக்கெட்டுக்கு 1,500 வாட்தான் வரம்பு.

டோசாய் லைன்:
மரம் வாங்கும் முன் இதையும் படித்துவிடுங்கள். 23 வார்டுகளிலும் ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேல் இருக்கும் பொருள் பெருங்குப்பை. பிளாஸ்டிக் மரத்தை மடித்துச் சாதாரணக் குப்பையில் வைத்தால் ஒட்டுச்சீட்டு போட்டு அங்கேயே விட்டுப் போவார்கள். முன்பதிவு செய்து, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் 200 அல்லது 300 யென் ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். ஆண்டுக் கடைசியில் நாள் கிடைக்காது. மடக்கி அலமாரியில் வைக்கிற அளவு மரமாக வாங்குங்கள், 90 செ.மீ. போதும்.

கிரீம் ஸ்ட்ராபெர்ரி கேக் பிள்ளைகள் கேட்டால் 26 வரை பொறுங்கள். அன்று பாதி விலைக்குக் கூவி விற்பார்கள்.