'திருப்புக்கை' வேண்டாம், 'விசையெட்டம்' எனலாமா?

வணக்கம்.

மூட்டின் அச்சிலிருந்து விசை செல்லும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவை ஆங்கிலத்தில் moment arm என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாகப் பேராசிரியர் ஐயா 'திருப்புக்கை' என்று சொல்லியிருந்தார். பாடநூலில் திருப்புத்திறன் (moment, ஒரு விசை எவ்வளவு திருப்பும் என்ற அளவு) ஏற்கெனவே இருப்பதால், இயற்பியல் வகுப்புக்கு அது பொருந்தும். ஆனால் நான் புதுச்சேரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன். 'கையை மடக்க மடக்கத் திருப்புக்கை நீளும்' என்றால் பையன்கள் தங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள். உடம்பைப் பற்றிய பேச்சில் இன்னொரு 'கை' வேண்டாமே.

கையால் சுழற்றிப் பழகும் கனத்த மரக்கட்டையான கர்லா கட்டையைப் பாருங்கள். பிடியைப் பற்றி நேர் மேலே நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டுக்குப் பெரிய சிரமம் இல்லை. மெல்லச் சாய்த்துப் படுக்கை வசமாக்கினால் அதே கட்டை மணிக்கட்டை முறுக்கும். விரல் முட்டி வெளுத்துவிடும். எடை ஒரு கிராம் கூடவில்லை, கனம் எட்டப் போய்விட்டது. 'எட்டப் போவுது பாரு, கிட்ட கொண்டா' என்றுதான் பழகும்போது சொல்கிறோம். சொல் அங்கேயே இருக்கிறது: எட்டம்.

பொதுவாக விசையெட்டம். பிரித்துச் சொல்லும்போது, தூக்கும் எடைக்கு எடையெட்டம், இழுக்கும் தசைக்குத் தசையெட்டம். நின்றபடி 10 கிலோ டம்பெல்லை மடக்குகிறோம். முன்கை தரைக்குக் கிடையாக வரும்போது எடையெட்டம் சுமார் 35 செ.மீ. பைசெப்ஸ் எலும்பைப் பற்றியிருப்பதோ முழங்கை மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளித்தான். தசையெட்டம் 4 என்று வைத்தால், அந்தத் தசை ஒன்றே தாங்கினால் 87 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடை இதில் சேரவில்லை! கிடையிலிருந்து 60 பாகை மேலே போனதும் எடையெட்டம் பாதியாகிறது. நடுவில் திணறியவர் மேலே போனதும் மூச்சு விடுவது இதனால்தான்.

தசை மிக நீண்டாலும் மிகச் சுருங்கினாலும் வலு குறையும். மூட்டுக்கோணம் அதையும் மாற்றுகிறது, ஆனால் அது வேறு கணக்கு. எட்டத்தோடு கலக்க வேண்டாம்.

எட்டம் என்ற சொல்லில் 'செங்குத்து' இல்லை என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். 'ஆரம்' என்ற சொல்லிலும் 'பாதி விட்டம்' இல்லை, வரையறை பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: 'திருப்புத்திறன் = விசை × விசையெட்டம்' என்று எழுதினால் விசை இரண்டு முறை வருகிறது. அந்த இடத்தில் வெறும் எட்டம் என்றே எழுதிவிடலாமா, ஐயா?