டர்புலன்ஸ்: விமானி சொல்வதை நம்புவதா, ஈடிஆர் எண்ணை நம்புவதா?

வான்பொறி:
முன்னால் போகும் விமானி ரேடியோவில் "மாடரேட்" (நடுத்தரக் குலுக்கல்) என்று சொல்லும் பைரெப்பை (விமானியின் அறிக்கை) வைத்து உயரம் மாற்றுவதை நிறுத்த வேண்டும். பெரிய போயிங் 777-இல் லேசாகத் தெரிவது சிறிய ஏர்பஸ் ஏ320-இல் மாடரேட். எடை, இறக்கை, வேகம் எல்லாம் வேறு. ஈடிஆர் (காற்றுக் கொந்தளிப்பின் அளவைச் சொல்லும் எண்) அளப்பது குலுக்கலை அல்ல, காற்றை. தாக்குகோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்), மூக்கின் சாய்வு, காற்றுவேகம், ஐஆர்எஸ் (விமானத்தின் அசைவை அளக்கும் கருவி) தரும் ஏறுவேகம் இவற்றிலிருந்து காற்றின் செங்குத்து வீச்சை மட்டும் மென்பொருள் பிரித்தெடுக்கிறது. அந்த எண் ஏசிஏஆர்எஸ் (விமானத்துக்கும் தரைக்கும் இடையிலான செய்தி இணைப்பு) வழியே தானாகத் தரைக்குப் போகிறது.

காற்றோடி:
எண் பொதுவாக இருக்கலாம் சார், அதன் விளைவு பொதுவல்ல. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் வானிலை விதித்தொகுப்பு அனெக்ஸ் 3 சொல்லும் 0.20 (மாடரேட்), 0.45 (சிவியர், அதாவது கடுமை) வரம்புகள் நடுத்தர அளவு விமானத்துக்கானவை. முன்பு இவையே 0.4, 0.7 ஆக இருந்தன. சிறிய ஏடிஆர் 72 விமானத்தில் 0.20 வேறு மாதிரி உலுக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த எண் சொல்வது கடந்துபோன காற்றை. 2024 மே 21, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ321, தெற்கு மியான்மருக்கு மேலே 37,000 அடி. வளர்ந்துகொண்டிருந்த மேகத்திரளுக்கு மேல் பறந்திருக்கலாம் என்கிறது சிங்கப்பூர் விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை. 0.6 விநாடியில் உடல் உணரும் விசை +1.35ஜி-யிலிருந்து -1.5ஜி ஆனது (1ஜி என்பது சாதாரணப் புவியீர்ப்பு). ஒருவர் இறந்தார். அப்படி வளரும் மேகத்தில் பத்து நிமிடம் முந்தைய "ஸ்மூத்" தகவல் ஆபத்து.

வான்பொறி:
இடிமேகம் ரேடாரின் வேலை, மறுக்கவில்லை. தெளிந்த வானத்து டர்புலன்ஸில் நீர்த்துளியே இல்லை, ரேடார் எதைக் காட்டும்? ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் ஓடும் வேகக் காற்று) ஓரத்திலும் மலையலையிலும் (மலையைத் தாண்டும் காற்றின் அலை) அது நெடுநேரம் நிற்கும், அங்கே பின்னால் வருபவருக்கு எண் உதவும். இன்னொன்று: அமைதியாக இருந்தால் விமானிகள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. ஈடிஆர் அதையும் சுமார் கால் மணிக்கொருமுறை அனுப்புகிறது. எந்த உயரம் அமைதி என்று தெரியாமல்தான் வீணாகக் கீழே இறங்கி எரிபொருளைக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள்.

டிஸ்பாட்ச் மேசை:
மூன்று விஷயத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். ஏசிஏஆர்எஸ் செய்திக்குக் காசு உண்டு. அதனால் வரம்பு தாண்டினால் உடனே, மற்றபடி இடைவெளி விட்டு என்று அமைக்கிறார்கள். தாக்குகோண உணரி பழுதானால் ஒரே விமானம் வழியெல்லாம் சிவப்பாக (கடும் கொந்தளிப்பாக) காட்டும். அதே உயரத்தில் பக்கத்து விமானங்களோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். விமானியின் ஐபேடில் உள்ள அசைவுமானியில் எடுக்கும் ஈடிஆர் கணக்கில் தொல்லை அதிகம்: பிடிப்பான் தளர்ந்தாலும், யாராவது கையில் எடுத்தாலும் உலுக்கலாகப் பதியும்.

காற்றோடி:
விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் டர்புலன்ஸ் அவேர் (நிறுவனங்கள் ஈடிஆர் எண்களைப் பகிரும் தளம்) 2020 முதல் இயங்குகிறது. அதில் சேராதவர்கள் பறக்கும் தடத்தில் திரை வெறுமையாக இருக்கும். அதை அமைதி என்று படித்து பெல்ட் விளக்கை அணைப்பார்களே, அதற்கு என்ன பதில்?

வான்பொறி:
வெறுமையும் (தகவல் இல்லை) பச்சையும் (அமைதி) வேறு என்று திரையிலேயே தெரிய வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் உயரமும் எத்தனை நிமிடம் பழையது என்பதும் இருக்க வேண்டும். மேகப் பகுதியில் பழைய பச்சைப் புள்ளியைச் சீக்கிரம் அழித்துவிட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத திரையை காக்பிட்டில் வைக்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.